அப்பாவுக்கு இன்னும் மெயில் வருவது ஏன்? அனுப்புகிற பக்கத்திலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அப்பா தவறி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் ஒரு வங்கியிலிருந்து அவர் பெயருக்குப் பிறந்தநாள் வாழ்த்து மெயில் வருகிறது, மூன்று முறை எழுதிப் போட்டும் நிற்கவில்லை, இவர்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா என்று கேட்டிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு ஒரு குறுகுறுப்பு. அந்த மாதிரி மெயில்களை அனுப்புகிற பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் நான். அந்த வங்கியில் இல்லை, திருச்சியில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர் சங்க அலுவலகத்தில். கல்லூரிப் பெயர் வேண்டாம், ஏனென்றால் நான் செய்த சொதப்பல்களையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன்.

அந்த வாசகரின் கோபம் நியாயம். ஆனால் மனசாட்சி இல்லாததால் நடப்பது என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்த பட்டியல் ஒன்று, மெயில் புறப்படுகிற பட்டியல் இன்னொன்று. பெரும்பாலான இடங்களில் இவ்வளவுதான் விஷயம். இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் கிடையாது, ஆனாலும் யாரும் செய்வதில்லை. நாங்களும் பல வருஷம் செய்யவில்லை.

எங்கள் சங்கத்தில் 4,213 உறுப்பினர்கள். இவர்கள் விவரம் முழுக்கக் கல்லூரி இணையதளத்துக்குப் பின்னால் இருக்கிற டேட்டாபேஸில் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர் இணையதளத்தில் பதிந்தால் அங்கே ஒரு வரி கூடும், முகவரி மாற்றினால் அங்கே மாறும். மெயில் அனுப்புகிற மென்பொருளோ அலுவலகக் கம்ப்யூட்டரில் தனியாக இருந்தது, முன்னாள் செயலாளர் வாங்கிப் போட்டது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாதம் ஒருமுறை யாராவது டேட்டாபேஸிலிருந்து பட்டியலை இறக்கி, எக்செலில் திறந்து, அங்கங்கே கை வைத்து, மறுபடி மென்பொருளுக்குள் ஏற்றுவார்கள். அப்படி இறக்கின பட்டியல் இறக்கின நிமிஷத்திலிருந்தே வாட ஆரம்பித்துவிடும், பறித்த கீரை மாதிரி. சாயங்காலம் ஒருவர் முகவரி மாற்றினால் அது நம் கையில் இருக்கிற கீரைக்கட்டில் இருக்காது.

ஒருநாள் உட்கார்ந்து எத்தனை நகல் இருக்கிறது என்று எண்ணினேன். மென்பொருளுக்குள் ஒன்று, பொருளாளர் மடிக்கணினியில் ஒன்று, வெள்ளிவிழா அழைப்பிதழுக்காக அச்சகத்துக்குக் கொடுத்த பென்டிரைவில் ஒன்று, சென்னைக் கிளையில் ஒன்று, துபாயில் இருக்கிற ஒரு பழைய மாணவர் தன் வசதிக்குப் பிரித்து வைத்திருந்தது ஒன்று, செயலாளரின் ஜிமெயிலில் இணைப்பாகக் கிடந்தது ஒன்று, என்னுடைய மேசைக் கணினியில் ஒன்று. ஏழு. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு திருத்தம் செய்திருந்தார், ஆனால் எந்தத் திருத்தமும் ஊற்றுக்கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை.

அதன் பலன் ஒரு காலை நேரத்தில் தொலைபேசியில் வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு அம்மா. சத்தமெல்லாம் போடவில்லை. "ஏம்மா, அவர் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. போன பிறந்தநாளுக்கே உங்க ஆபீசுக்கு எழுதிட்டேன். இந்த வருஷமும் நூறாண்டு வாழ்கன்னு அனுப்பியிருக்கீங்களே" என்றார். நான் ஏதோ உளறி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தேடிப் பார்த்தேன். அவர் எழுதியது உண்மை. எங்கள் தன்னார்வலர் ஒருவர் அதைப் படித்து, வருத்தம் தெரிவித்துப் பதிலும் போட்டு, தன் நகலில் அந்த வரியைச் சிவப்பு நிறமாக்கியும் வைத்திருந்தார். பொறுப்பான மனிதர். அவர் கம்ப்யூட்டரில் அந்த வரி இன்றைக்கும் சிவப்பாகத்தான் இருக்கும். டேட்டாபேஸுக்கு மட்டும் அந்தச் செய்தி போகவேயில்லை.

அன்றைக்குத்தான் இரண்டையும் நேரடியாகக் கோர்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். அதாவது மெயில் மென்பொருள் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளக் கூடாது, அனுப்பும் நேரத்தில் கல்லூரி டேட்டாபேஸைக் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும், முடிந்ததும் நடந்ததை அங்கேயே திருப்பி எழுத வேண்டும்.

இங்கே ஒரு பழைய கதை. உலகத்தின் முதல் மொத்த விளம்பர மெயில் என்று சொல்லப்படுவது 1978 மே 3 அன்று அமெரிக்காவில் போனது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் விற்பனைப் பிரிவிலிருந்த கேரி தர்க் என்பவர், புதுக் கணினிகளை அறிமுகப்படுத்த சுமார் 400 பேருக்கு இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் அனுப்பினார். அந்த முகவரிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா, அச்சடித்த ஒரு முகவரிப் புத்தகத்திலிருந்து. அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் அடித்தார்கள். பெறுநர் பகுதியில் அத்தனை முகவரியும் கொள்ளவில்லை, மிச்சம் வழிந்து கடிதத்துக்குள்ளேயே வந்து நின்றது. ஆக, பட்டியல் ஓரிடத்திலும் அனுப்புகிற கருவி வேறிடத்திலும் இருந்து நடுவில் ஒரு மனிதர் உட்கார்ந்து நகலெடுக்கிற தலைவலி, இந்தத் தொழில் பிறந்த அன்றே கூடப் பிறந்தது.

சரி, கோர்ப்பது எப்படி? இதற்கென்று ஒரு பொதுவழி இருக்கிறது, ஓடிபிசி என்பார்கள். மைக்ரோசாஃப்ட் 1992இல் கொண்டுவந்தது. எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் அதற்குரிய டிரைவரை, அதாவது நடுவில் நின்று மொழிபெயர்க்கிற சின்ன மென்பொருளை, நிறுவிவிட்டால், மென்பொருள் அதன் வழியாகக் கேள்வி கேட்கலாம். சர்வர் பெயர், போர்ட் எண், பயனர் பெயர், பாஸ்வேர்ட், எந்த டேட்டாபேஸ் என்று ஐந்தாறு கட்டங்கள் நிரப்ப வேண்டியதுதான். கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு ஒன்பது நாள் ஆனது.

முதல் இரண்டு நாள் போனது 32-க்கும் 64-க்கும் நடுவில். 32 பிட், 64 பிட் என்று மென்பொருள்களில் இரண்டு வகை, 32 பழசு, 64 புதுசு. எங்கள் மெயில் மென்பொருள் பழசு, 32 பிட். விண்டோஸ் 64 பிட். நான் நிறுவிய டிரைவரும் 64. மென்பொருள் என்னவோ டிரைவரே இல்லை என்று சாதித்தது, எனக்கோ கண்ணெதிரே இருக்கிறது. கடைசியில் பார்த்தால் ஓடிபிசி அமைப்புக்கான திரையே விண்டோஸில் இரண்டு இருக்கிறது. 64 பிட்டுக்கான திரை சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருக்கும், 32 பிட்டுக்கான திரை பெயரில் 64 வருகிற இன்னொரு ஃபோல்டரில் இருக்கும். நான் தலைகீழாக எழுதவில்லை, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பழைய மென்பொருள்கள் சிஸ்டம்32 என்ற பெயரையே நம்பி எழுதப்பட்டதால் பெயரை மாற்ற முடியாமல் போயிற்றாம். மென்பொருள் எத்தனை பிட்டோ டிரைவரும் அத்தனை பிட், அந்தத் திரையும் அத்தனை பிட். இந்த ஒரு வரியை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும். மென்பொருள் விற்றவர்களிடம் கேட்டதற்கு "ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாருங்க மேடம்" என்றார்கள், நான்கு தடவை.

அடுத்தது சர்வர். இணையதளத்தை வைத்திருக்கிற நிறுவனம் டேட்டாபேஸுக்கு வெளியிலிருந்து யாரும் வர விடாது. விடக் கூடாது, அது சரிதான். எங்கள் அலுவலகத்தின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் எங்கள் இணைப்புக்கு இருக்கிற எண்ணை, மட்டும் அனுமதிக்கச் சொல்லிப் பதிந்தோம், வேலை செய்தது, இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை மின்சாரம் போய் வந்ததும் தொடர்பு போயிற்று. வீட்டு பிராட்பேண்ட் மாதிரியேதான் எங்கள் இணைப்பும், மோடம் அணைந்து எரிந்தால் ஐபி முகவரி மாறிவிடும். உடனே ஒரு பையன், அவனும் பழைய மாணவன்தான், "அக்கா, விழுக்காடு குறி போட்டுடுங்க, எங்கிருந்து வேணும்னாலும் வரலாம்" என்றான். போட்டால் வேலை செய்யும். ஆனால் திருடனும் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். அது வேண்டாம் என்று மாதத்துக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டி நிலையான ஐபி வாங்கினோம்.

அப்புறம் அனுமதி. டேட்டாபேஸின் பெரிய சாவியை மெயில் மென்பொருளிடம் கொடுக்கக் கூடாது. அதற்கென்று தனி பயனர் ஒன்றை உருவாக்கி, படிக்க மட்டும் அனுமதி கொடுத்தோம். அதுவும் முழு உறுப்பினர் அட்டவணையை இல்லை. 'வியூ' என்று ஒன்று செய்யலாம், ஜன்னல் மாதிரி. அதன் வழியாகப் பார்த்தால் உறுப்பினர் எண், பெயர், மெயில், பிறந்த தேதி, உயிரோடு இருக்கிறாரா, மெயில் வேண்டுமா என்பது மட்டும்தான் தெரியும். வீட்டு முகவரி, கைபேசி, நன்கொடை எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். வாழ்த்து அனுப்ப அதெல்லாம் எதற்கு?

நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் இதற்கு மிகவும் எதிர்த்தார். டேட்டாபேஸோடு நேரடித் தொடர்பு வைப்பது ஆபத்து, பழையபடி நகலெடுத்து அனுப்புவதே பாதுகாப்பு என்பது அவர் கட்சி. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் அந்த ஏழு நகல்களைச் சொன்னேன். அச்சகத்துக்குப் போன பென்டிரைவில் நான்காயிரம் பேரின் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் இருந்தன, அந்த பென்டிரைவ் இப்போது எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.

இணைப்பு கிடைத்தது. முதல் சோதனை மெயிலை எனக்கே அனுப்பினேன். "அன்புள்ள" என்று போட்டு அதற்குப் பிறகு வரிசையாக எட்டு கேள்விக்குறி. நான் யார் என்று கம்ப்யூட்டருக்கே சந்தேகம். காரணம் என்னவென்றால் எங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் என்கிற வகை, அதன் டிரைவரை நிறுவும்போது ஒரே டிரைவர் இரண்டு பெயரில் வரும், ஆங்கில எழுத்துகளை நம்பிச் செய்த ஆன்சி என்று ஒன்று, எல்லா மொழி எழுத்தும் அடங்கிய யூனிகோட் என்று ஒன்று. பட்டியலில் ஆன்சிதான் முதலில் நிற்கிறது, நான் முதலில் இருந்ததைச் சொடுக்கிவிட்டேன். ஆங்கிலப் பெயர்களாக இருந்தால் வித்தியாசமே தெரியாது. தமிழுக்கு யூனிகோட் டிரைவர்தான். மாற்றினேன், கேள்விக்குறி போயிற்று.

எல்லாப் பெயருக்கும் போகவில்லை. சுமார் அறுநூறு பேருக்குக் கேள்விக்குறிக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வந்தன. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் நான் கல்யாணத்துக்கு முன்னால் டிடிபி சென்டரில் வேலை பார்த்தவள், அந்த எழுத்துகளைப் பார்த்தே படித்துவிடுவேன். பாமினி! பழைய எழுத்துரு. அதில் தமிழ் என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஓர் அரைப்புள்ளி. திரையில் பாமினி எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், எடுத்துவிட்டால் ஜேகேபிஓ. பதினைந்து வருஷத்துக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் பழைய பதிவேட்டை அப்படி அடித்து அப்படியே டேட்டாபேஸில் ஏற்றியிருக்கிறார். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பட்டியலைக் கோப்பாக இறக்கும்போது சில மென்பொருள்கள் அரைப்புள்ளியைத்தான் நெடுவரிசை பிரிக்கிற அடையாளமாக எடுத்துக்கொள்ளும். எத்தனை மெய்யெழுத்து உண்டோ அத்தனை இடத்தில் பெயர் உடையும். எங்கள் பழைய நகல்களில் சிலருடைய மெயில் முகவரி இருக்க வேண்டிய கட்டத்தில் அவர்கள் பெயரின் பின்பாதி இருந்ததற்கு இதுதான் காரணம். வருஷக்கணக்காக அவர்களுக்கு எதுவுமே போகவில்லை. ஒருவர் கூடக் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

அறுநூறையும் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்தேன். ஏனென்றால் கருவிக்கு எது பாமினி எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. ஆங்கிலத்தில் ஒழுங்காக ஜான் என்று இருந்தவரைத் தமிழாக்கி வாயில் நுழையாத ஒன்றாக்கி வைத்தது.

தலைப்பெழுத்து விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த மென்பொருள்கள் எல்லாமே முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்துச் செய்யப்பட்டவை. நமக்கு முதலில் வருவது அப்பா பெயரின் எழுத்து. மென்பொருளிடம் முதல் பெயரை எடுத்துக் கூப்பிடு என்றால் "அன்புள்ள கே." என்று கூப்பிடும். எங்களிடமிருந்து பல வருஷம் அப்படித்தான் போயிருக்கிறது. டேட்டாபேஸில் அழைக்கும் பெயர் என்று ஒரு புதுக் கட்டம் திறந்து, ஒருவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதைத் தனியாக எழுதி வைத்தோம். இருவருக்கு அது பட்டப்பெயராகவே இருக்கிறது, அவர்களே கேட்டுக்கொண்டது.

இப்போது முக்கியமான பாகம், திருப்பி எழுதுவது. ஆளாளுக்கு டேட்டாபேஸிலிருந்து படிக்கிற பாதியைச் செய்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். போதும், இனி அனுப்பாதே என்று ஒருவர் அழுத்தினால் அது மெயில் மென்பொருளுக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு மென்பொருளை மாற்றினாலோ கம்ப்யூட்டர் பழுதானாலோ அந்த வேண்டாம்கள் எல்லாம் போச்சு, டேட்டாபேஸில் எல்லோரும் இன்னும் வேண்டும் என்று சொல்பவர்களாகவே இருப்பார்கள். எனக்கு வருகிற மெயில்களில் நான் நிறுத்தி ஒரு வருஷம் கழித்து உயிர்த்தெழுந்து வந்தவை உண்டு. ஒவ்வொன்றும் இப்படித்தான் வந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

இதற்கு எங்கள் மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது. யாராவது நிறுத்தினால் டேட்டாபேஸில் எந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும் என்று அதில் எழுதிவைக்கலாம். படிக்க மட்டும் அனுமதி இருந்த அந்தப் பயனருக்கு மாற்றுகிற அனுமதியையும் கொடுத்துவிட்டு எழுதினேன். உறுப்பினர் அட்டவணையில் மெயில் வேண்டுமா என்ற இடத்தில் வேண்டாம் என்று மாற்று. அழகாக எழுதிவிட்டு, யாருடைய வரியில் என்கிற கடைசிப் பகுதியை விட்டுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கரூரிலிருந்து ஒரே ஒரு மனிதர், பாவம், தனக்கு மெயில் வேண்டாம் என்று அழுத்தினார். சங்கத்தின் 4,213 பேருக்கும் வேண்டாம் ஆகிவிட்டது. எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மாதாந்திர மடலை அனுப்ப உட்கார்ந்தால் பெறுநர்கள் 0 என்று காட்டுகிறது. சும்மா அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முந்தின வியாழன் இரவு எடுத்த காப்பு நகல் இருந்ததால் பிழைத்தேன். கரூர்க்காரருடைய வேண்டாமை மட்டும் கையால் மறுபடி போட்டேன், அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு திருப்பி எழுதுவதற்கென்று இன்னொரு பயனரை உருவாக்கி, அவருக்கு அந்த ஒரு கட்டத்தை மாற்ற மட்டும் அனுமதி கொடுத்தோம். கட்டளையை முதலில் போலி அட்டவணையில் ஓட்டிப் பார்த்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

யாருடைய வரி என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெயில் முகவரியை வைத்து என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் எங்கள் மூத்த உறுப்பினர்கள் பலருக்குச் சொந்த மெயில் கிடையாது, மகன் முகவரியைக் கொடுத்திருப்பார்கள். மகனும் எங்கள் பழைய மாணவராகவே இருப்பார். அப்பா காலமானால் முகவரியை நிறுத்தக் கூடாது, மகனுக்கும் சேர்ந்து நின்றுவிடும். அப்பாவின் உறுப்பினர் எண்ணைத்தான் நிறுத்த வேண்டும். அதே சமயம் அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் தொந்தரவு போதும் என்றால் முகவரியையே நிறுத்த வேண்டும், அதில் எத்தனை உறுப்பினர் இருந்தாலும். இறப்புக்கு எண், வேண்டாமுக்கு முகவரி. போன வாரம் எழுதிய வாசகரின் அப்பா விஷயத்தில் வங்கிக்காரர்கள் இதில் எங்கோதான் தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு ஊகம், அவ்வளவுதான், ஊகம்.

இன்னொன்று, ஒருவர் வேண்டாம் என்றால் அவர் வரியை அழித்துவிடுவதுதான் மரியாதை என்று சிலர் அழித்துவிடுகிறார்கள். அழித்தால் கணினிக்கு அவர் யாரென்றே நினைவிருக்காது. அடுத்த மாதம் யாரோ ஒரு பழைய நகலை ஏற்றும்போது புது ஆளாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். அனுப்பக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்க வேண்டும், அதில் அவர் முகவரி நிரந்தரமாக இருக்க வேண்டும்.

எக்செல் வழியாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எங்களைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் அரசுக் கணக்கில் சேராமல் விட்டுப்போனது. ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியிருக்கிறார்கள், அதில் 65,536 வரிக்கு மேல் கொள்ளாது. மிச்சம் சத்தமில்லாமல் வெளியே விழுந்தது. அத்தனை பேரின் தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது அதனால் தாமதமானது. அந்தப் பெரிய தேசத்திலேயே நடுவில் எக்செல் என்றால் இப்படி, நமக்கு வாழ்த்து மெயில்தானே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

சட்டத்துக்கும் வருகிறேன், சுருக்கமாக. கைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் 1909 என்று ஓர் எண் நமக்கு இருக்கிறது, விளம்பரம் வேண்டாம் என்று பதியலாம். மெயிலுக்கு அப்படி ஓர் எண் நம் நாட்டில் இல்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதைவிடச் சீக்கிரமாக மிரட்டி வேலை வாங்கியது கூகுள்தான். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் நிறுத்துகிற வசதி வைக்க வேண்டும், நிறுத்தியதை இரண்டு நாளுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும், குப்பை என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. யாஹூவும் ஏறக்குறைய இதையே கேட்டது. இரண்டு நாளுக்குள் என்றால் என்ன அர்த்தம், மாதம் ஒருமுறை நகலெடுக்கிற கதை இனி ஓடாது. நாங்கள் 5,000 தொடவில்லை, ஆனாலும் அந்த விதிகளைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். முன்னொரு காலத்தில் சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்தே அத்தனை பேருக்கும் அனுப்பப் பார்த்து, அதில் ஒரு நாளைக்கு 500தான் என்று தெரியாமல், ஆண்டு விழாவுக்கு முதல் நாள் கணக்கு முடங்கிப்போய்ச் செயலாளர் தொலைபேசியும் கையுமாக நின்ற நாளெல்லாம் உண்டு.

இப்போது எப்படி ஓடுகிறது என்றால், தினமும் காலை ஆறு மணிக்கு மென்பொருள் டேட்டாபேஸைக் கேட்கிறது, இன்று யாருக்குப் பிறந்தநாள், உயிரோடு இருக்கிறாரா, வேண்டாம் என்று சொல்லாதவரா. வருகிற பெயர்களுக்கு அனுப்புகிறது. முகவரியே இல்லை என்று எதிர்முனை சர்வர் 550 எண் போட்டுத் திருப்பினால் அந்த வரியில் குறித்துக்கொள்கிறது, பெட்டி நிரம்பியிருக்கிறது என்றால் மறுநாள் முயல்கிறது. ஜூன் மாதத்தில் மட்டும் ஒரேநாளில் குவியும், நம் ஊரில் பழைய தலைமுறைக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிக்கொண்டதுதானே பிறந்தநாள். பிப்ரவரி 29இல் பிறந்த ஒருவர், மூன்று வருஷமாக என்னை மறந்துவிட்டீர்களே என்று கிண்டலாக எழுதினார். அவருக்காக ஒரு வரி சேர்த்தோம், லீப் வருஷம் இல்லாவிட்டால் 28ஆம் தேதி போகும்.

ஸ்ரீரங்கத்து அம்மாவிடம் பிறகு ஒருமுறை பேசினேன். சரி பண்ணிட்டோம்மா, இனிமே வராது என்றேன். "அடுத்த பிறந்தநாள் வரட்டும், பாக்கறேன்" என்றார். அந்தத் தேதி வந்தது, காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக அன்றைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். நான்கு பேர் இருந்தார்கள், அவர் இல்லை. அம்மாவிடமிருந்து தொலைபேசி வரவில்லை.

போன வாரம் எழுதிய வாசகருக்கு ஒரு யோசனை. மெயிலை நிறுத்துங்கள் என்று இன்னொரு தடவை எழுத வேண்டாம், அது மறுபடியும் யாரோ ஒருவர் எக்செலில் சிவப்பு நிறமாகத்தான் முடியும். வங்கியின் மூல வாடிக்கையாளர் பதிவில் இறப்பு என்று பதியப்பட்டிருக்கிறதா, வாழ்த்து அனுப்பும் மென்பொருள் அந்தப் பதிவிலிருந்துதான் எடுக்கிறதா என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். இறப்புச் சான்றிதழின் நகலையும் வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்து, கிளைக்கு இல்லாமல் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. பதில் தேடிப் போகும்போது யாராவது ஒருவர் அந்த நகலைக் கண்டுபிடிப்பார்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையின் காலை மின்மடல் எனக்கு இரண்டு முறை வருகிறது. ஒன்று என் பெயருக்கு ஒழுங்காக, ஆறரை மணிக்கு. இன்னொன்று ஏழு மணிக்கு, அன்புள்ள எஸ். என்று. இரண்டாவதைப் போன மாதம் நிறுத்தினேன், நன்றி என்று ஒரு பக்கம் வந்தது, மறுநாள் ஏழு மணிக்கு மறுபடி எஸ். வந்துவிட்டார். உங்கள் கணினிப் பிரிவில் யாரிடமாவது இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். எனக்கு ஆறரை மணி மடல் போதும்.

இப்படிக்கு,
பழைய மாணவர் சங்க அலுவலகத்திலிருந்து ஒரு வாசகி,
திருச்சி